ஏழாம் கதவின் அச்சாணி

காவல் கோபுரத்தின் இரும்புப் படிகளில் ஜெனோவா ஏறி வந்து நின்றபோது ராத்திரி மணி ஒன்றே முக்கால். ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவளுக்கே தெரியாது. பதினாறு வயசுக்காரி, கதவைத் தட்டவும் பயந்து, தட்டாமல் திரும்பிப் போகவும் பயந்து, நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் காற்றுதான் கதவைப் பிடுங்கித் திறந்து அவளை உள்ளே தள்ளிவிட்டது.

உள்ளே இரண்டு பேர். கடல் கதவுகளுக்குப் பொறுப்பான இன்ஜினியர் சண்முகவடிவு, ஊருக்கு வடிவு மேடம். அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற இசக்கிமுத்து.

சிப்பித்துறையில் கடல் ஊரைவிட உயரமாகி இருபது வருஷம் ஆகிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் பன்னிரண்டு கதவுகள். மற்ற நாளில் கதவுகள் திறந்து கிடக்கும், படகுகள் போகும் வரும். புயல் வந்தால் மூடுவார்கள். ஒவ்வொரு கதவும் ஒரே ஒரு அச்சாணியில் திரும்புகிறது. கை நீளம், தொடைக் கனம். இந்த வருஷம்தான் பன்னிரண்டுக்கும் ஊர்ப் பட்டறையில் அடித்த புது அச்சாணி மாட்டினார்கள். அன்றைக்குப் புயல் நாலு மணிக்குக் கரையேறும் என்று அறிவிப்பு. மூன்றரைக்குள் பன்னிரண்டையும் மூடியாக வேண்டும்.

"ஏட்டி, நீ பட்டறைப் பிரகாசி மக தானே? எல்லாரும் முகாமுக்குப் போறாவ, உனக்கு இங்க என்ன சோலி? நீச்சல் பழக வந்தியா?" என்றான் இசக்கிமுத்து.

"ஏழாங்கதவ மூடாதீங்க மேடம்."

வடிவு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழுக்குப் பின்னால உங்க லூசியா காலனி தானே இருக்கு? முந்நூறு வீடு. மூடலன்னா கூரை வரைக்கும் தண்ணி வரும் தெரியும்லா."

"மூடுனா ஊரே போயிரும். அதுல மாட்டியிருக்க அச்சாணி கெட்டது. நான்தான் கெடுத்தேன். யார்ட்டயும் சொல்லல. ரெண்டு மாசமா தூக்கமே இல்ல மேடம்."

வடிவு நாற்காலியைத் திருப்பினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜெனோவாவின் தலையில் போட்டாள்.

"உக்காரு. மொதல்ல இருந்து சொல்லு."

"மேடம், நேரமில்ல" என்றான் இசக்கிமுத்து. "புள்ள பயத்துல உளறுது. ஏழாம் நம்பர் ஆணி மேல ஓடுற வரிக்கு மெஷின் தொண்ணூத்தெட்டு மார்க் குடுத்திருக்கு. மத்த பதினொண்ணுல எதுக்கும் அவ்ளோ வரல."

"அந்த வரி நான் வரைஞ்சது" என்றாள் ஜெனோவா.

இசக்கிமுத்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வரிய வரையறதா? மொதல்ல அந்த வரி எதுக்குன்னே எனக்குத் தெரியாது. பாக்க அழகா இருக்கும், அலை அலையா" என்றான் இசக்கிமுத்து.

"அழகுக்கு இல்ல இசக்கி" என்றாள் வடிவு. கண் ஜெனோவாவின் மேலேயே இருந்தது. "எங்க ஊரு கோவில்பட்டி. கடலைமிட்டாய் தின்னிருப்பல்லா. அதே வெல்லம், அதே கடலை. பாகு பதத்துல இறக்குனா கடிக்கலாம். ஒரு நிமிஷம் தாண்டுச்சுன்னா கண்ணாடி, கீழ விழுந்தா தெறிச்சிரும். இந்த இரும்பும் அப்படித்தான். இதுல கரி ஜாஸ்தி. சூடாக்கி, தட்டி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கி, இப்படி முப்பது தடவ செய்வாவ. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்க கரி கொஞ்சங்கொஞ்சமா வரிசை கட்டும். கெட்டியா ஒரு வரி, மெதுவா ஒரு வரி. கெட்டி வரி தேயாம பாத்துக்கும். வெடிப்பு விழுந்தா மெது வரி மறிச்சு நிறுத்திரும். அதனாலதான் இத்தன தண்ணிய ஒத்த ஆணி தாங்குது."

"சூடு கூடிப் போச்சுன்னா?" என்றான் இசக்கிமுத்து.

"ஒரே ஒரு தடவ எல்லை தாண்டுனா போதும். கட்டுன வரிசை எல்லாம் கரைஞ்சிரும். ஆறும்போது கரி கண்ட இடத்துல வலை மாதிரி படியும். அப்புறம் அது கண்ணாடிதான். வெளிய பாத்தா தெரியாது. அமிலத்துல முக்குனா நல்லதுல வரி எழும்பும். கெட்டதுல ஒண்ணும் எழும்பாது."

"ஒண்ணும் எழும்பல மேடம்" என்றாள் ஜெனோவா. "கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு."

பட்டறையில் விளக்கு கிடையாது. ஜன்னலும் கிடையாது. சூடு காட்டும் கருவி உண்டு. ஆனால் காய்ந்த இரும்பின் மேல் செதில் கட்டும், கருவி அந்தச் செதிலின் சூட்டைத்தான் காட்டும். நாற்பது டிகிரி முன்னே பின்னே இருக்கும். இரும்புக்கோ முப்பது டிகிரிதான் பொறுமை. அதனால் கடைசித் தீர்ப்பு மனுஷக் கண்ணுக்கு. அந்தக் கண் உள்ளவளுக்கு நிறக்காரி என்று பெயர். இருட்டில் கால் மணி நேரம் பழகிய கண்ணுக்குத்தான் ஒரு சிவப்புக்கும் அடுத்த சிவப்புக்கும் வித்தியாசம் பிடிபடும். வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்குப் பழுத்த இரும்பும் மங்கலாகவே தெரியும். அதனால் உள்ளே வருகிறவர்கள் போனை வாசலில் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும். டப்பாவுக்குப் பக்கத்தில், உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு பூசி, திருஷ்டி ஆணி கிடக்கும். எந்த வேலை எடுத்தாலும் முதலில் அடிக்கிற அச்சாணியைக் கணக்கில் சேர்க்காமல் வாசலில் போட்டுவைப்பது பட்டறை வழக்கம். கண்ணூறு அதன்மேல் போகட்டும் என்று.

பிரகாசிதான் நிறக்காரி. இரண்டு வருஷமாக அவள் கண்ணில் படலம். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலைக்காகக் கொடுத்த காலனி வீடும் போகும். ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துக்கொண்டாலும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள், நிறம் மாறித் தெரியும் என்பார்கள். ஆகவே அமிலத் தொட்டிக்குக் கையாள் என்று சொல்லி ஜெனோவாவைப் பட்டறையில் சேர்த்தாள். உலை எரியும்போது மகள் அம்மாவின் பின்னால் நிற்பாள், வலது உள்ளங்கை அம்மாவின் முதுகில். சம்மட்டி இரைச்சலில் பேச்சு கேட்காது. நிறம் வந்ததும் ஒரு அழுத்து. அம்மா எடுத்துவிடுவாள். வண்டி தள்ளுகிற லெயோன் மாமாவுக்கு மட்டும் இது தெரியும். "தாய் அடுப்பு, புள்ள கண்ணு. நான் குருடன், எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்பார்.

ஏழாவது ஆணியின் இருபத்தெட்டாம் சூட்டில், ஜெனோவாவின் இடுப்பில் போன் அதிர்ந்தது. டப்பாவில் போடாமல் ஒளித்து வைத்திருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு இடம் கிடைக்குமா என்று அன்றைக்குச் சேதி வர வேண்டும். எடுத்துப் பார்த்தாள். அரை நிமிஷம். இடம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

நிமிர்ந்தபோது உலைக்குள் இரும்பு நாவல்பழம் மாதிரி கருத்துத் தெரிந்தது. இன்னும் வரவில்லை என்று நினைத்தாள். செம்பருத்தி நிறம் வரட்டும் என்று காத்திருந்தாள். அம்மாவின் முதுகு கைக்குக் கீழே ஒரு தடவை அசைந்தது, கேட்பது போல. அப்புறம் அழுத்தினாள்.

மறுநாள் விடியலில் அமிலத்தில் முக்கினால் ஒன்றுமில்லை. ஒரு ஆணி கெட்டால் நிறக்காரிக்குக் கண் பரிசோதனை. அதுதான் சட்டம். ஜெனோவா தொட்டி அறையைத் தாழ்ப்பாள் போட்டாள். மெழுகை உருக்கி, மெல்லிய தூரிகையால், மற்ற ஆறு ஆணிகளில் பார்த்த அலைகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். திரும்ப அமிலத்தில் முக்கினாள். மெழுகில்லாத இடம் அரித்தது, வரி எழுந்தது. ஒரே ஓரிடத்தில் தூரிகை மயிர் ஒட்டிக்கொண்டு கோடு தூண்டில் முள் போல வளைந்துவிட்டது. அதைத் திருத்த நேரமில்லை. மத்தியானம் மெஷின் வரி பார்க்கும்போது அவள் கக்கூஸில் போய் ஒளிந்துகொண்டாள். அங்கேயே காதில் விழுந்தது: தொண்ணூற்றெட்டு.

இதையெல்லாம் ஜெனோவா வடிவிடம் சொன்னாள். ஒன்றைத் தவிர.

"உங்கம்மா எங்க இருந்தா அப்ப?"

"அம்மாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல் மேடம். நிறம் நான் பாத்தேன். அம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது."

"அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்கணும்."

"வேண்டாம் மேடம்." ஜெனோவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அம்மாவ இதுல இழுக்காதீங்க. அவளுக்குச் சத்தியமா தெரியாது. என்னய என்ன வேணா செய்ங்க."

வடிவு அந்தத் தேதியின் உலைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். இருபத்தெட்டாம் சூட்டில் எண்ணூற்றுத் தொண்ணூறு என்று இருந்தது, எல்லையைவிட நாற்பது அதிகம். கருவி எப்போதும் தப்பாகக் காட்டும் என்று யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஏழு உடைஞ்சா கதவு அடிச்சிட்டுப் போய் ஆறையும் எட்டையும் இடிக்கும்" என்றாள் வடிவு, தனக்குத் தானே சொல்வது போல. "அப்புறம் வரிசையா. நாப்பதாயிரம் பேரு." கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழத் தொறந்து விட்டா பள்ளத்துல கெடக்க காலனி மட்டும். முந்நூறு வீடு. ஆள மட்டும் எடுத்துட்டா வீடுதானே போகும்."

"எங்க வீடும் அதுலதான் மேடம்" என்றாள் ஜெனோவா.

"தெரியும்."

இசக்கிமுத்து போனை எடுத்தான். வடிவு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொறந்து விடப் போறோம்னு சொல்லாத. கல்லெடுத்துட்டு கதவுக்கு வந்துருவாவ, இருட்டுல ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுச் சாவாவ. ஏழாங்கதவுல கோளாறு, உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னு மட்டும் சொல்லு."

ஒரு மணி நேரத்தில் காலனி கிளம்பிவிட்டது. பிரகாசி சாயங்காலமே பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தாள். தெருத் தெருவாகப் போன பையன்கள் கடைசியில் ஒரு வீடு மட்டும் பாக்கி என்றார்கள். லெயோன் மாமா வீடு. அவர் மனைவி சலேத்து மூன்று வருஷமாகப் பக்கவாதத்தில் கிடக்கிறாள். இசக்கிமுத்து அவருக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, ஏழுல கோளாறு. அத்தையத் தூக்கிட்டு வாங்க, ஆள் அனுப்புதேன்."

"ஏழுலயா?" லெயோன் மாமா சிரித்தார். சிரிப்பில் இருமல் கலந்திருந்தது. "ஏலே, மத்த பதினொண்ணுல எது வேணா போவும். ஏழு நிக்கும். எவன் சொன்னான் உனக்குக் கோளாறுன்னு?"

"மேடம் சொல்லுதாவ."

"மேடத்த நிம்மதியா ஒறங்கச் சொல்லு. இந்த மழையில இவள வெளிய எடுத்தா சளி கட்டியே செத்துருவா. ஏழு நிக்கும்டே. எனக்குத் தெரியும்."

ஜெனோவா ஸ்பீக்கரின் பக்கம் ஓடினாள். "மாமா, நான் ஜெனோ. வந்துருங்க மாமா. நெசமாத்தான் சொல்லுதேன்."

"அட, பட்டறைக்காரி. நீயுமா? உங்கம்மா கையால வந்தது தாயி அது. நீ பயப்படாத." லைன் அறுந்தது. அப்புறம் கிடைக்கவில்லை. ஆள் போனபோது கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டியதற்கு உள்ளேயிருந்து ஜெபம் சொல்லும் சத்தம்தான் வந்தது என்றார்கள்.

மூன்று மணி இருபத்தெட்டுக்குப் பதினொரு கதவுகள் மூடின. ஏழு திறந்து கிடந்தது. வடிவு பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, மூன்று ஐம்பது வரை, ஒருவேளை தன் மனசு மாறுமோ என்று பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடல் ஏழு வழியாக, அவசரமே இல்லாமல், உள்ளே வந்தது.

சுவர் நின்றது. ஊர் நின்றது. காலனியில் மாதா கெபி என்கிற குகைக் கோயிலின் உச்சி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு லெயோன் மாமாவையும் சலேத்து அத்தையையும் ஒரே கட்டிலில் கண்டெடுத்தார்கள். அவர் அவளைத் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

முதல் வாரம் ஜெனோவாவைத் தெய்வமாகப் பார்த்தார்கள். முகாமில் அவள் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு விழுந்தது. ஒன்பதாம் நாள் ஏழாம் அச்சாணியைக் கழற்றி எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். அறுத்தார்கள், அமுக்கினார்கள், அடித்தார்கள். உடைக்கவே முடியவில்லை. உள்ளே நெடுக வரி ஓடியது. பன்னிரண்டில் இதுதான் முதல்தரம் என்று அறிக்கை வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சோற்று வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணும் பின்னால் நின்ற பெண்ணும் நகர்ந்துகொண்டார்கள். "ரெண்டு உசிரு, முந்நூறு வீடு" என்றாள் ஒருத்தி, யாரையும் பார்க்காமல். "ஒரு சிறுக்கி கனாக் கண்டதுக்கு." வடிவைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நல்ல கதவைத் திறந்துவிட்டு ஆளைக் கொன்ற வழக்கு அவள்மேல் வரும் என்றான் இசக்கிமுத்து. அவன் இப்போது கேலி எதுவும் பேசுவதில்லை.

ஜெனோவாவுக்குப் புரியவில்லை. இல்லாத வரியைத் தன் கையாலே வரைந்தவள் அவள். அது எப்படி இரும்புக்குள் போகும்?

பிரகாசி பேசாமல் எழுந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பட்டறைக்கு நடக்கச் சொன்னாள். வாசலில் பிஸ்கட் டப்பா கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் திருஷ்டி ஆணி, சுண்ணாம்பு பூசியபடி. பிரகாசி குனிந்து, கல் ஒன்றால் அதைத் தட்டினாள். டக் என்றது. வெடித்த பானையின் சத்தம்.

"சம்மட்டிக்குக் கீழயே இந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். "கண்ணுதானட்டி போச்சு எனக்கு. காது இருக்குல்ல."

ஜெனோவா முந்தானையை நனைத்துச் சுண்ணாம்பைத் தேய்த்தாள். அலை அலையாக வரி எழுந்தது. கையகலம் தேய்த்ததும் தூண்டில் முள் போல வளைந்த கோடு வந்தது.

"நீ கழுவிட்டு வீட்டுக்குப் போன பெறவு தொட்டுப் பாத்தேன். நெசமான வரி உள்ள இருந்து வரும், ஓரம் மழுங்கி இருக்கும். இது கீறுன மாதிரி இருந்துச்சு. வாசல்ல கெடந்த திருஷ்டி ஆணி நல்லா வந்த ஆணி, மொதல் கை. நானும் லெயோன் அண்ணனும் அத உள்ள தூக்கி, அமிலத்துல முக்கி, ஏழுன்னு நம்பர் அடிச்சோம். உன்னோடத நம்பரத் தேச்சுட்டு இங்க போட்டோம். மெஷின் பாத்தது அத."

ஜெனோவா அந்த வளைந்த கோட்டிலிருந்து கையை எடுத்தாள். "மாமா அதனாலதான் வரலியாம்மா?"

பிரகாசி ஆணியைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ. பயந்த கை நடுங்கும். அந்தக் கை இல்லாம எனக்கு அடுப்பு ஏது, உனக்குச் சோறு ஏது." படலம் விழுந்த கண்கள் மகளின் முகம் இருக்கும் பக்கத்தைத் தேடின. "நீ ஏன் அன்னைக்கு ராத்திரி என்னக் கூப்பிட விடல? மேடம் ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

"உனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். உன் கண்ணச் சொல்லிரக் கூடாதுன்னு."

இரண்டு பேரும் திருஷ்டி ஆணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலனிப் பக்கமிருந்து சேறு நாற்றம் வந்தது.

மறுநாள் விசாரணை அதிகாரி பட்டறையைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷன். ஜெனோவாவிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"நீ பொய் சொன்னேன்னு நான் எழுதலம்மா. சின்னப் பொண்ணு, புயல் ராத்திரி, பயத்துல ஏதோ நெனச்சுட்ட. உன்மேல ஒண்ணும் வராது. ஒரு குழந்தை பேச்சக் கேட்டுக் கதவத் தொறந்த இன்ஜினியர்தான் பதில் சொல்லணும்." வாசலில் காலில் இடறியதைக் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

"திருஷ்டிக்குப் போட்டது சார்" என்றாள் பிரகாசி. விடியலில் அவளே புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தாள்.

"ஓ" என்றார். நோட்டை மூடினார். "வேற சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா? இல்லன்னா நான் கிளம்புறேன்."

பிரகாசி நிமிர்ந்து நின்றாள். அசையவில்லை. தலையை மட்டும் லேசாகப் பின்னுக்குச் சாய்த்தாள், உலைக்கு முன்னால் நிற்கும்போது சாய்ப்பது போல. ஜெனோவாவுக்குத் தெரியும் அது. அம்மா கேட்கிறாள். விடியலில் சுண்ணாம்புக் கையோடு சொன்னதும் இதைத்தான். "எடுக்கணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். எப்பவும் போல."

ஜெனோவா பின்னால் போய் நின்று வலது உள்ளங்கையை அம்மாவின் முதுகில் வைத்தாள். எலும்பு தட்டியது. அம்மாவின் வேலை. வீடு ஏற்கெனவே போயிற்று, இனி ஜெயில். மேடத்தின் கை, பொத்தானிலிருந்து மடிக்கு இறங்கிய கை. மாமாவின் சிரிப்பு. அதிகாரி வண்டியை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டார். ஐந்து. ஓட்டுநர் கதவைத் திறந்தான்.

அழுத்தினாள்.

"சார்" என்றாள் பிரகாசி, இரைச்சலில் பேசிப் பழகிய குரலில். "ஒரு சம்மட்டி கொண்டாரச் சொல்லுங்க. அதுக்கு முன்னால இந்தச் சுண்ணாம்பக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க."